பத்து மணிக்கு டீச்சர் எங்கே இருக்கிறார்? எங்கள் ஊராட்சியின் மழலையர் மையங்கள்

மூன்று வயது முடிந்த பிள்ளையைப் பைசா செலவில்லாமல் சேர்க்க எங்கள் ஊராட்சியில் நான்கு இடங்கள் இருக்கின்றன. மூன்று அங்கன்வாடி மையங்கள். நான்காவது, அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் நடக்கும் எல்கேஜி வகுப்பு. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. என் பேத்திக்கு மூன்று வயது நிறைந்ததும் நான்கையும் போய்ப் பார்த்தேன். காலையில் போனேன், சாப்பாட்டு நேரத்தில் போனேன், அடைமழை நாளில் போனேன். எந்த இடத்துக்கும் வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் கிராம சுகாதார செவிலியராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்து மையங்களின் வாசலில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அப்போது என் கண் ஊசியிலும் பதிவேட்டிலும் இருந்தது. இப்போது வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டு வரப்போகும் இடமாகப் பார்த்தேன். ஊர்ப் பெயரையும் மையங்களின் எண்ணையும் எழுதப்போவதில்லை. குறை சொல்லும் இடங்களிலும் குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுவதும் நின்று உழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நான் எழுதியதை வைத்து அவர்களுக்கு ஒரு மெமோ வருவதை நான் விரும்பவில்லை.

ஊராட்சி அலுவலகத்தை ஒட்டியிருக்கும் புதுக்கட்டட மையத்திலிருந்து தொடங்குகிறேன். ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். என் மருமகளும், "அத்தை, அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம், பார்க்கவே பளிச்சென்று இருக்கிறது" என்றாள். உண்மைதான். தரையில் டைல்ஸ், சுவர் முழுக்க யானையும் மயிலும் மாம்பழமும், குழந்தைகள் உயரத்துக்குத் தாழ்வாக வைத்த கை கழுவும் தொட்டி, சின்னக் கழிப்பறை. சமையலறை தனியாக இருக்கிறது, கான்கிரீட் கூரை, வெளியேற இரண்டு வாசல்.

சமையலறையையும் வாசலையும் ஏன் முதலில் பார்க்கிறேன் என்று தஞ்சைப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் பள்ளிச் சமையல்கூடத்துக் கீற்றில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அன்றைக்கு நான் பணியில் இருந்தேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் இருக்கும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அடுப்பு எங்கே, கூரை என்ன, இரண்டாவது வாசல் பூட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் நான் உட்காருவதில்லை. புதுக்கட்டடம் இந்த விஷயத்தில் முழு மதிப்பெண் வாங்குகிறது.

ஆனால் டீச்சர் இல்லை. அவர் பெயர் பலகையில் இருக்கிறது, அவரும் நல்ல பெண்தான். பக்கத்து ஊராட்சியில் ஒரு மையத்துக்குப் பணியாளர் ஓய்வு பெற்றுவிட்டதால் அதையும் கூடுதல் பொறுப்பாக இவர் தலையில் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு இங்கே இருந்தால் நாளைக்கு அங்கே. இங்கே இருக்கும் நாளிலும் முற்பகல் முழுவதும் கைபேசிதான். வருகைப் பதிவு அதில், எடை உயரம் அதில், சத்துமாவு வாங்க வரும் தாய்மாரின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்ப்பதும் 2025 ஜூலையிலிருந்து அதில்தான். நெட்வொர்க் கிடைக்காத நாளில் அந்தத் தாய்மார் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். டீச்சர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் வாசலுக்கும் நடக்கிறார். நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்ததும் அவர் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் ஆகிவிட்டார். அந்த மாதம் நான் போன போதெல்லாம் படிவக் கட்டோடு தெருவில்தான் அவரைச் சந்தித்தேன்.

அப்படியானால் பிள்ளைகளோடு இருந்தது யார்? ஆயா ஒருத்தி. அரிசி களைந்து உலை வைக்க வேண்டும், முட்டை வேகவைக்க வேண்டும், ஒரு பிள்ளை நனைத்துக்கொண்டால் துணி மாற்ற வேண்டும், இன்னொன்று வாசலைத் தாண்டினால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அவர் செய்யக்கூடியதைச் செய்தார்: பாயை விரித்து எல்லோரையும் சுவரோரம் உட்காரவைத்து, "சத்தம் போடாமல் இருங்கள்" என்றார். பிள்ளைகளும் இருந்தார்கள். அலமாரியில் மரக்கட்டைகளும் பந்துகளும் வளையங்களும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டும் என்று எடுப்பதில்லையாம். மூன்று வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை ஒழுக்கம் என்று சிலர் பாராட்டுவார்கள். எனக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

எடைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பழைய பழக்கம், டீச்சரும் தயங்காமல் கொடுத்தார். ஒரு குழந்தைக்கு மூன்று மாதம் தொடர்ந்து 12.1, 12.1, 12.1. அடுத்த வரியிலும் அதே கதை. வளரும் பிள்ளையின் எடை கிராம்கூட மாறாமல் மூன்று மாதம் நிற்காது. அப்படியே நின்றால் அது கவலைப்பட வேண்டிய செய்தி. எடை போடாமல் எழுதியிருந்தால் அது இன்னும் பெரிய கவலை. நான் அந்த டீச்சரைத் திட்டவில்லை. இரண்டு மையத்துப் பிள்ளைகளையும் ஒருத்தியே தராசில் ஏற்றி இறக்கி, கைபேசியிலும் ஏற்றி, வாக்காளர் படிவமும் கொடு என்றால் எங்கோ ஒரு இடத்தில் எழுத்து மட்டும்தான் மிஞ்சும். 2025-ல் அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப ஆணை போட்டது. பணியாளர், குறு மையப் பணியாளர், உதவியாளர் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை அது. அத்தனை நாற்காலிகள் காலியாக இருந்திருக்கின்றன என்றால் அத்தனை இடங்களில் யாரோ ஒருத்தி இரண்டு பேர் வேலையைத் தூக்கிச் சுமந்திருக்கிறாள் என்றுதான் பொருள்.

ஆகவே எந்த மையத்துக்குப் போனாலும் என் முதல் கேள்வி, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகளோடு யார் தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மேலத்தெருவில் இருப்பது குறு மையம். வாடகை வீட்டின் திண்ணையும் ஒரு அறையும். உதவியாளர் கிடையாது, பணியாளர் ஒருவரே சமைக்கிறார், ஒருவரே பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் கொஞ்சம் என்பதால் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரி சூடாக, குழைவாக, ருசியாக இருக்கிறது. நான் சாப்பிட்ட எலுமிச்சை சாதத்தில் உப்பும் புளிப்பும் அளவோடு இருந்தன. விளையாட இடமில்லை, கழிப்பறைக்கு வீட்டுக்காரரின் கொல்லைக்குப் போக வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையைச் சில மணி நேரம் விட்டுவிட்டு வர நல்ல இடம். மூன்று வயதுக்கு மேல் போதாது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்து எல்கேஜிக்கு வருகிறேன். 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். அந்த வருடம் இந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு இருந்த மகிழ்ச்சியை நான் நேரில் பார்த்தவள். வேன் சத்தம் கேட்டாலே பிள்ளையை அதில் ஏற்றிவிடத் துடித்துக்கொண்டிருந்தவர்கள், களையெடுத்த கூலியைச் சேர்த்துப் பள்ளிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 2022 ஜூனில் அந்த வகுப்புகள் நிறுத்தப்படும் என்று செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்து, பிறகு தொடரும் என்று அரசு சொன்னது. தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள்.

எங்கள் பள்ளியில் இருக்கும் எல்கேஜி ஆசிரியை இளம்பெண். குரல் நன்றாக இருக்கிறது, நேரத்துக்கு வருகிறார், வகுப்பை விட்டு நகர்வதில்லை. என் முதல் கேள்விக்கு இங்கே நல்ல பதில் கிடைத்தது. கதை சொன்னால் கை கால் எல்லாம் சேர்ந்து கதை சொல்கிறது. ஆனால் பெற்றோர் அவரிடம் கேட்பது கதையை அல்ல. "நோட்டில் என்ன எழுதினான்?" என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் போய் ஏபிசிடி முழுவதும் எழுதுகிறதே என்கிறார்கள். அவரும் பென்சிலைக் கொடுத்துவிட்டார்.

ஒரு பையனைக் கிட்ட உட்கார்ந்து கவனித்தேன். மூன்று வயதும் சில மாதங்களும் இருக்கும். பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்திருந்தான். புள்ளி வைத்த 'அ' மேல் இழுக்கிறான். வளைவு வரும் இடத்தில் மணிக்கட்டு திரும்பவில்லை, தோளே திரும்புகிறது. இரண்டாவது வரியில் நாக்கு வெளியே வந்துவிட்டது. மூன்றாவது வரியில் பென்சில் முனை தாளைக் கிழித்தது. அவன் ஆசிரியையைப் பார்த்தான், பிறகு கிழிசலின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டான். அந்தக் கையில் எலும்பும் தசையும் இன்னும் எழுத்துக்குப் பக்குவப்படவில்லை. களிமண் பிசைந்து, மணி கோத்து, முடிச்சுப் போட்டு, தண்ணீர் ஊற்றி விளையாடி வரவேண்டிய பலம் அது. அந்த ஆசிரியைக்கும் இது தெரியும். "நானாக இருந்தால் தைப்பொங்கல் வரைக்கும் நோட்டே கொடுக்க மாட்டேன், நர்சம்மா. பிள்ளையை நிறுத்திவிடுவேன் என்கிறார்களே" என்றார். நோட்டைக் கேட்கும் பெற்றோர்கள் இதைப் படித்தால் நன்றாக இருக்கும்.

நான்கு வயது முடிந்த பிள்ளைகள் அதே அறையில் அடுத்த பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த வகுப்பு பொருந்துகிறது. அட்டையில் படத்தைப் பார்த்து முதல் எழுத்தைச் சொல்கிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள், பெரிய பள்ளிக்கூடத்து மணிச் சத்தத்துக்குப் பழகிவிடுகிறார்கள். ஐந்து வயது நிறைந்ததும் அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது அழுகை இருக்காது. கழிப்பறை மட்டும் பெரிய பிள்ளைகளுக்கானது, படி உயரம். ஆயா கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறார். சின்னவர்களுக்கு என்று ஒரு கழிப்பறை கட்டக்கூட அந்த வளாகத்தில் இடம் இருக்கிறது.

இந்தப் பள்ளியில் என்னை மிகவும் வருத்திய விஷயம் காலை எட்டேகாலுக்கு நடக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று பக்கத்து மாவட்டத்துத் திருக்குவளையில்தான் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வருகிறது. மிக நல்ல திட்டம், மனமார வாழ்த்துகிறேன். ஆனால் எல்கேஜி பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. களையெடுப்புக் காலத்தில் அம்மா ஏழு மணிக்கு வயலுக்குப் போய்விடுகிறாள். மூன்றாம் வகுப்பு அக்கா தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டு மணிக்கே பள்ளிக்கு வருகிறாள். அக்காவுக்குத் தட்டு உண்டு, தம்பிக்கு இல்லை. நான் போன நாளில் அந்தப் பெண் தன் தட்டிலிருந்து பொங்கலை எடுத்துத் தம்பிக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிட்டாள். சமைக்கிற அம்மாள் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டார். அந்த ஒரு கரண்டியை ஆணையாகவே போட்டால் என்ன? மூளையும் எலும்பும் வேகமாக வளரும் வயது அதுதானே.

இனி கீழத்தெரு.

எங்கள் தெருவிலிருந்து கீழத்தெரு மையத்துக்குப் பிள்ளையை அனுப்பும் வழக்கம் இல்லை. காரணத்தைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை: சாதி. நடந்தால் ஐந்து நிமிடம். அதை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் புதுக்கட்டடத்துக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் வேனில் ஏற்றுகிறார்கள். சம்பந்தியம்மாகூட, "அந்தத் தெருவிலா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் அந்தத் தெருவில் பிரசவம் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். என் பேத்தி அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்வது அவளுக்குக் கிடைக்கிற பெரிய படிப்பு என்று பதில் சொன்னேன். ஆனால் அதற்காக மட்டும் நான் அந்த மையத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான்கில் அதுதான் சிறந்தது.

கட்டடம் பழசு. 2018 நவம்பரில் கஜா புயலில் கூரையின் ஒரு பக்கம் போய், பிறகு பழுது பார்த்தார்கள். சுவரில் ஈரம் ஏறிய கறை இன்னும் இருக்கிறது. வண்ணப் படங்கள் மங்கிவிட்டன. தரை சிமெண்ட்டு, ஆனால் நான் போன எந்த நாளிலும் ஈரமும் ஈயும் இல்லை. டீச்சர் இதே ஊர்க்காரர், பிள்ளைகளின் தாய்மாரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். உதவியாளர் பணியிடமும் நிரம்பியிருக்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கவனிப்பதில்லை. டீச்சர் பாயில் உட்கார முடிகிறதென்றால் அடுப்படியில் இன்னொருவர் இருப்பதால்தான்.

இவருக்கும் அதே கைபேசி, அதே பதிவுகள்தான். ஆனால் காலையில் பிள்ளைகள் வந்ததும் வருகையைப் பதிந்துவிட்டுக் கைபேசியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறார். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் மறுபடி எடுக்கிறார். சத்துமாவு வாங்க வரும் தாய்மாருக்கும் மதியம் இரண்டு மணிக்கு மேல் என்று சொல்லிப் பழக்கியிருக்கிறார். மேலிடத்திலிருந்து முற்பகலில் அழைப்பு வந்தால்? "பிள்ளைகள் தூங்கியதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை கோபப்பட்டார்கள், அப்புறம் பழகிவிட்டது" என்றார்.

பத்து மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு சாக்கு நிறையத் தென்னங்குரும்பை. தோப்பில் உதிர்ந்து கிடப்பதை ஆயா பொறுக்கி வருகிறார். புளியங்கொட்டையை வைத்துத்தான் முன்பு எண்ணிக்கை சொல்லிக்கொடுத்தார்களாம். சின்னப் பிள்ளை மூக்கில் போட்டுக்கொள்ளும், விழுங்கிவிடும் என்று மாற்றிவிட்டார். மூக்கில் போட்ட கொட்டையை எடுக்க மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடிய பெற்றோரை நான் அறிவேன், அதனால் இந்த ஒரு மாற்றத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குரும்பைகளைத் தரையில் கொட்டுகிறார். "எது குட்டி, எது பெரிசு, வரிசையாக வையுங்கள்." ஒரு பெண்குழந்தை வைக்கத் தொடங்கினாள். கட்டைவிரல் அளவு ஒன்று, அதைவிடச் சற்றுப் பெரியது, அதைவிடப் பெரியது என்று ஏழெட்டு வைத்தாள். நடுவில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. இரண்டு காய்க்கு நடுவில் இடம் விட வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. டீச்சர் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த பையன் "அங்கே வை" என்று கத்தப் போனான், அவன் முதுகில் மெதுவாகக் கையை வைத்தார். குழந்தை கடைசியில் இரண்டு காலாலும் வரிசையைத் தள்ளி இடைவெளி உண்டாக்கி, குரும்பையை நடுவில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் டீச்சர் கேட்டார்: "கடைசியில் இருப்பதைவிடப் பெரிசு ஒன்று வேண்டுமே, எங்கே கிடைக்கும்?" நான்கைந்து பேர் வாசலுக்கு ஓடினார்கள். ஒருத்தி பானையைக் காட்டினாள், ஒருவன் என் தலையைக் காட்டினான்.

எழுத்து ஒன்றுகூட இல்லாத அந்த அரை மணி நேரத்தில் ஒப்பிடுதல், வரிசைப்படுத்துதல், காத்திருத்தல், யோசித்துச் சரிசெய்தல் எல்லாம் நடந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தலைப்பு என்று அரசு கொடுத்திருக்கும் பாடத்திட்டத்தின் அட்டவணை எல்லா மையத்துச் சுவரிலும் தொங்குகிறது. இங்கே அது தரைக்கு இறங்கியிருக்கிறது.

எடை போடும் நாளிலும் போனேன். தராசை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறார், செருப்பையும் கனமான சட்டையையும் கழற்றுகிறார், அட்டையில் புள்ளி வைத்துத் தாயிடம் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று காட்டுகிறார். என் பேத்தியையும் ஏற்றினோம். மூன்று வயது நிறைந்த பெண்குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் நடுமதிப்பு 13.9 கிலோ, 10.8-க்குக் கீழே போனால் எடைக்குறைவு. இவளுக்கு நடுமதிப்பைவிடக் கொஞ்சம் குறைவு, கவலை இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு பையனின் மேல்கைச் சுற்றளவு நாடாவில் மிதமான ஊட்டக்குறைவைக் காட்டும் மஞ்சள் நிறத்தில் வந்தது, 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே. டீச்சர் அந்தத் தாயைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். வயிற்றுப்போக்கு இருந்ததா, பூச்சி மாத்திரை கொடுத்தீர்களா, இரவில் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் "உன் பிள்ளை எடையே இல்லை" என்று சொல்லவில்லை. பணியிலிருந்த காலத்தில் நானே பல டீச்சர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது இது.

சாப்பாடு எல்லா மையத்திலும் ஒரே பட்டியல்தான்: கலவை சாத வகைகள், வாரத்தில் மூன்று நாள் முட்டை, ஒரு நாள் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ, ஒரு நாள் உருளைக்கிழங்கு. வித்தியாசம் பரிமாறுவதில் இருக்கிறது. புதுக்கட்டடத்தில் முட்டையை முழுதாகத் தட்டில் வைக்கிறார்கள். சின்னவர்கள் வெள்ளையைக் கடித்துவிட்டு மஞ்சளைத் துப்பிவிடுகிறார்கள், அது குப்பைக்குப் போகிறது. கீழத்தெருவில் ஆயா முட்டையை நான்காகக் கீறி, மஞ்சளைச் சாதத்தில் பிசைந்து கொடுக்கிறார். தட்டில் மிச்சம் கிடக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைத் தானே நின்று பார்க்கிறார். விரல் இடுக்கைக்கூட விடுவதில்லை.

குறைகளும் உண்டு, அவை சின்னவை அல்ல. மழை பெய்தால் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அடைமழை நாளில் நான் செங்கல் மேல் கால் வைத்துத்தான் உள்ளே போனேன். கழிப்பறைக்கு விளக்கு இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் வாய்க்கால். மையத்தின் பின்பக்கத்திலிருந்து பத்தடி நடந்தால் பாசன வாய்க்கால், சுற்றுச்சுவர் கிடையாது. வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். நடுவில் உள்ள மாதங்களில் வாய்க்கால் நிறைந்து ஓடும். மூன்று வயதுப் பிள்ளை முழங்கால் தண்ணீரிலும் சத்தமில்லாமல் போய்விடும். டெல்டாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது கேள்விப்பட்ட செய்தி அல்ல, தெருவில் நடந்த செய்தி.

பொங்கல் கழிந்ததும் பேத்தியைக் கீழத்தெருவில் சேர்த்தோம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை இவற்றின் நகல் போதும். மாற்றுத்துணி இரண்டும் ஒரு துண்டும் பையில் வைத்துக் கொடுங்கள். முதல் வாரம் யாராவது ஒருவர் கூடவே உட்கார டீச்சர் அனுமதிக்கிறார். எங்கள் தெருவிலிருந்து இப்போது இன்னும் இரண்டு குழந்தைகள் வருகிறார்கள். நான்கு வயது முடிந்ததும் பள்ளிக்கூடத்து வகுப்புக்கு மாற்றுவோம். புதுக்கட்டடத்துக்கு முழு நேர டீச்சர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்துக்காரர்கள் தாராளமாக அங்கேயே சேர்க்கலாம். அதுவரை டீச்சர் வரும் கிழமைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் தாய்மார் கையெழுத்தோடு ஒரு மனு கொடுத்தோம். கீழத்தெரு மையத்துக்குச் சுற்றுச்சுவர், வாசலில் மண் கொட்டி மேடாக்குதல், கழிப்பறைக்கு விளக்கு. புதுக்கட்டட மையத்துக்குத் தனிப் பணியாளர். எல்கேஜி பிள்ளைகளுக்கும் காலை உணவு. கடைசி இரண்டும் ஊராட்சியின் கையில் இல்லை, ஆனாலும் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பச் சொன்னோம், எழுதினார்கள். சுவருக்கு மதிப்பீடு போட்டிருப்பதாக ஊராட்சிச் செயலர் சொல்கிறார். ஜூன் மாதம் தண்ணீர் வருவதற்குள் அது எழும்ப வேண்டும். இப்போதைக்குப் பெற்றோர்கள் சேர்ந்து மூங்கில் படல் கட்டிப் பின்பக்கத்தை அடைத்திருக்கிறோம். கயிறு தளர்ந்திருக்கிறதா என்று வாரம் ஒரு வீடு முறை வைத்துப் பார்க்கிறது.